கால் சொல்லும் சேதி

(நம் பேட்ச் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரும் டிசம்பரில் நாம் எல்லோரும் குடும்பத்தோடு மூன்று நாள் ஹம்பி போவதென்று முடிவாகியிருக்கிறது. போன வாரம் நம் செயலாளர் போன் செய்தார். (பதவியில் இருப்பதால் 'செய்தார்' என்கிறேன். ஹாஸ்டலில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவன்தான்.) "நீதான் ஏற்கெனவே ஹம்பி போயிட்டு வந்தவன். கால் வலிக்காம எப்படிச் சுத்திப் பார்க்கறதுன்னு பத்து நிமிஷம் பேசுடா" என்றார். "நான் என்ன டாக்டரா?" என்று கேட்டேன். "மெக்கானிக்கல்தானே படிச்சே? காலும் ஒரு மெஷின்தான், பேசு" என்று போனை வைத்துவிட்டார்.

ஆகவே நான் பேசுவது மருத்துவம் அல்ல. ஒரு பொறியாளன் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹம்பி என்பது ஒரு கோயில் இல்லை, ஒரு தலைநகரம். கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகரம் அங்கேதான் இருந்தது. யுனெஸ்கோ 1986-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. விருபாட்சர் கோயில் ஒரு பக்கம், கல்தேர் நிற்கும் விட்டலர் கோயில் இன்னொரு பக்கம், மகாநவமி திப்பாவும் தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் வேறொரு பக்கம். வண்டி ஓரளவுதான் போகும். மீதி எல்லாம் நடைதான். அதுவும் தார் ரோடு இல்லை. கருங்கல் பாறை, மேடு பள்ளமான படிக்கட்டு, மணல். சூரிய உதயம் பார்க்க மாதங்க மலை ஏறியே தீருவேன் என்று இப்போதே சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுவோம். ஓர் எட்டு சுமாராக 65 செண்டிமீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 15,000 எட்டு. ஒவ்வொரு காலுக்கும் 7,500 தடவை. ஒவ்வொரு தடவையும் நம் உடம்பின் எடையும், அதற்குச் சற்று மேலும், அந்த ஒரு பாதத்தில் இறங்குகிறது. நம் லேபில் ஒரு மெஷின் இருந்ததே, கம்பியை மாட்டிச் சுற்றவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாத கம்பி, ஆயிரக்கணக்கான தடவை வளைத்தால் பட்டென்று உடையும். அதே கதைதான் இங்கேயும். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய கால், மூன்றாம் நாள் ஏன் மக்கர் செய்கிறது என்றால், சுமை அதிகமானதால் அல்ல; தடவை அதிகமானதால்.

இனி கொப்புளம். 'ஷூ கடிச்சிடுச்சு' என்கிறோம். தோலை மேலே மேலே தேய்ப்பதால் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது எல்லோரும் இடது கையை நீட்டுங்கள். புறங்கையில் வலது கைச் சுட்டுவிரலை அழுத்தி வையுங்கள். விரல் வழுக்காமல் முன்னும் பின்னும் அசையுங்கள். தோல் விரலோடு போகிறது, உள்ளே எலும்பு நின்ற இடத்தில் நிற்கிறது, இல்லையா? நடுவில் இருக்கிற அடுக்குதான் இழுபடுகிறது. நாம் படித்த ஷியர் ஸ்ட்ரெஸ் இதுதான். ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டால் உள்ளுக்குள் அடுக்கு பிரிந்து, அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோல் சாக்ஸோடு இன்னும் அதிகமாக ஒட்டும், இன்னும் அதிகமாக இழுபடும். அதனால்தான் வியர்த்த காலில் கொப்புளம் சீக்கிரம் வருகிறது.

இதை எல்லாம் நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இங்கே பலருடைய அப்பா அம்மாவும் டிசம்பரில் வரப்போகிறார்கள். அதனால் சொல்கிறேன்.

2022 டிசம்பரில் என் அப்பாவை ஹம்பிக்கு அழைத்துப் போனேன். அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் போகாத வரப்பிலும் வண்டிப்பாதையிலும் முப்பது வருஷம் நடந்தவர். "எனக்கா நடக்கச் சொல்லித் தரப்போறே?" என்று சிரித்தார். வாழ்நாள் முழுக்கச் செருப்புதான் போட்டவர். 'கல்லு முள்ளுல நடக்கணும், அப்பாவுக்கு நல்லதா ஒரு ஷூ இருக்கட்டும்' என்று பிள்ளைக்குப் பாசம் பொங்கிவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள், அவர் பழைய செருப்பின் அளவைப் பார்த்து, விலை உயர்ந்த ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

முதல் நாள் முழுக்க நடந்தார். "கால் வலிக்குதாப்பா?" என்று நாலு தடவை கேட்டேன். "ஒண்ணுமில்லடா, நீ வா" என்றார். எனக்குக் கெண்டைக்கால் கெஞ்சியது. அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானம் விருபாட்சர் கோயிலில் சுட்ட கல்லில் வெறுங்காலோடு நிதானமாக நடந்தார். நாங்கள் எல்லோரும் குதித்தோம், அவர் குதிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி அறையில் என் மகள்தான் பார்த்தாள். "தாத்தா, உங்க சாக்ஸ்ல சிவப்பா இருக்கு" என்றாள். கழற்றிப் பார்த்தால், இடது சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, சதை தெரிகிறது. "வலிக்கலையாப்பா?" என்றேன். "இல்லையேடா" என்றார். அவருக்கும் ஆச்சரியம்தான்.

அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 'கொஞ்சம் மதமதன்னு இருக்கும், வயசுதானே' என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புண்ணுக்கு இரண்டு மாதம் கட்டுப் போட்டோம். எலும்புவரை போய்விட்டது. கடைசியில் அந்தச் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷ நடை செய்யாததை, நான் வாங்கித் தந்த ஷூ இரண்டே நாளில் செய்துவிட்டது.

தோழர்களே, வலி என்பது ஒரு சென்சார். இருக்கிறவர்கள் அது சொல்வதைக் கேட்க வேண்டும். இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற நாம்தான் சென்சார். 'வலிக்குதா?' என்று கேட்பது போதாது. கழற்றிப் பார்க்க வேண்டும். நான் நாலு தடவை கேட்டேன். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இனி, டிசம்பருக்குள் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஷூ. பழகின ஷூவைத்தான் போடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் இந்த வாரமே வாங்குங்கள். சாயந்திரம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. நடக்கப் போட்டுக்கொள்ளும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, நின்று பார்த்து வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் தூக்கிக்கொள்ளக் கூடாது. அளவு எண்ணை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவு. அப்பாவுக்கு வாங்கினால் அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, சாக்ஸ். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். சீக்கிரம் காய்கிற செயற்கை இழை, அல்லது மெல்லிய கம்பளி கலந்தது நல்லது. பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டின்போது ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்துக் காற்றாட விட்டு, மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஓர் இடம் சூடாக, எரிகிறாற்போல் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 'கல்தேர் பார்த்துட்டு அப்புறம் பார்த்துக்கலாம்' என்று போகாதீர்கள். மருந்துக்கடையில் காகித டேப் கிடைக்கும், விலை சொற்பம். அதைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். 2016-இல் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், முன்கூட்டியே இந்த டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. அதையும் மீறிக் கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்க வேண்டாம். அதைவிட நல்ல கட்டு கிடையாது.

நான்காவது, பயிற்சி. இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. முதல் வாரம் தினம் இருபது நிமிஷம் நடங்கள். வாராவாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றரை மணி நேரத்துக்கு வாருங்கள். அதையும் சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த இரண்டு நாள் செய்து பாருங்கள். ஹம்பியில் கஷ்டம் இரண்டாம் நாள்தான். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் ஓய்வு. முக்கியமாக, மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடையையும் முழங்காலையும் பதம் பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள், அதற்கு மறுநாள்தான் உச்சம். ஆகவே மாதங்க மலையைக் கடைசி நாளில் வைக்குமாறு பயணக் குழுவை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்) இறங்கும்போது ஷூ லேஸை மேல் துளை வரை இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் போய் இடிக்காது. நகத்தை நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது. 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று ராத்திரி அலறுவோமே, அது. உண்மையில் இழுப்பது தசை. உப்புக் குறைவுதான் காரணம் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். மிகவும் வியர்ப்பவர்களுக்கு அதுவும் சேரலாம். ஆனால் பழக்கமில்லாமல் சோர்ந்துபோன தசையே முக்கியக் காரணம் என்பதுதான் இப்போது பலரும் ஏற்கிற கருத்து. பிடித்துக்கொண்டால் முழங்காலை நேராக நீட்டி, பாத விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள், விட்டுவிடும். சாயந்திரம் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய அரை நிமிஷம் நில்லுங்கள். இரண்டு காலுக்கும் மூன்று மூன்று தடவை. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். 'நல்லது'ன்னு லிட்டர் லிட்டராகக் கவிழ்த்துக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். நன்றாக வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பி.பி., சர்க்கரை, சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டையில் விடாமல் வலித்தால் அது வெறும் பிடிப்பு என்று நீவிக்கொண்டிருக்காதீர்கள்; உடனே மருத்துவமனை.

கடைசியாக, சர்க்கரை உள்ளவர்கள். அப்பா அம்மா மட்டும் என்று நினைக்காதீர்கள், நம் வயதிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். புறப்படும் முன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார், சில நிமிஷ வேலை. உணர்ச்சி குறைவென்றால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கோயிலுக்கு, கல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்திலேயே போய்விடுங்கள். சாக்ஸோடு வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷூ போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், ஒரு சின்னக் கல் போதும். அலுப்புத் தீர வெந்நீரில் கால் வைப்பது இவர்களுக்கு வேண்டாம்; சுடுவதே தெரியாது. கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம். தினமும் ராத்திரி, நல்ல வெளிச்சத்தில், வீட்டில் ஒருவர் அந்தப் பாதத்தைப் பார்க்க வேண்டும்: மேலே, அடியில், விரல் இடுக்கில்.

இந்த வேலையை எங்கள் வீட்டில் என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி சாப்பாடு ஆனதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தாத்தாவின் காலடியில் உட்கார்ந்துவிடுவாள். "இன்ஸ்பெக்‌ஷன் ஓவர், பாஸ்" என்பாள்.

டிசம்பர் பயணம் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அந்த விட்டலர் கோயிலைச் சரியாவே பார்க்கலைடா, உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன் அன்னிக்கு. நானும் வர்றேன்" என்றார். இந்தத் தடவை அவர் பாதத்துக்கென்று அளவெடுத்துச் செய்த செருப்பு. மூன்று மாதமாகப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். கோயில்வரை பேட்டரி வண்டி ஓடுகிறது. அதில் ஏற ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம், அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

நீங்கள் எல்லோரும் அவரைப் பார்ப்பீர்கள். அநேகமாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார். "கால் வலிக்குதா ஐயா?" என்று மட்டும் அவரைக் கேட்காதீர்கள். 'இல்லை' என்றுதான் சொல்வார்.