அடித்தளம் ஐந்து வயதிற்குள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளுக்கு முன் நம் சங்கம் தோன்றியபோது, பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதே அதன் முதற்பணி. பிறகு எட்டாம் வகுப்பிற்கு இறங்கினோம். பின்னர் ஐந்தாம் வகுப்பிற்கும் வந்தோம். குறையின் வேரைத் தேடித் தேடிக் கீழே இறங்கியதே நம் சங்கத்தின் வரலாறு. இன்னும் ஒரு படி இறங்க வேண்டும் என்று கேட்கவே இம்மேடையில் நிற்கின்றோம். பள்ளியில் கால் வைக்குமுன் கழியும் ஐந்து ஆண்டுகளே அப்படி.

நாம் உதவி ஆசிரியராக இருந்த நாளில், நம் தெருச் சிறுமி ஒருத்தி முதல் வகுப்பில் சேர்ந்தாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள். கேட்டதற்கு விடை சொல்ல மாட்டாள். “இவளுக்குப் படிப்பு ஏறாது” என்று முடிவு கட்டிக் கடைசி வரிசையில் அமர்த்தினோம். மறு ஆண்டு பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில், அவளுடைய இரு செவிப்பறைகளும் துளைபட்டிருப்பதை மருத்துவர் கண்டார். இரண்டு வயது முதலே காதில் சீழ் வடிந்ததாம்; தாயார் எண்ணெய் காய்ச்சி விட்டு வந்தாராம். உடலில் இரத்தமும் குறைவு. சிகிச்சை பெற்று முன்வரிசையில் அமர்ந்த பின், அவ்வாண்டு முடியுமுன்பே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு ஏறாதது படிப்பு அன்று. நம் குரல்தான் அவள் செவியில் ஏறவில்லை. நம் பிள்ளைகளுக்கு அறிவு மட்டு என்று பிறர் சுமத்திய பழியை, அதே தெருவில் பிறந்த நாமே வழிமொழிந்தோம். அந்த ஓராண்டை அவளுக்கு நம்மால் திருப்பித் தர இயலவில்லை.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதிற்குள் நடந்துவிடுகிறது என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதிற்கேற்ற உயரம் பெறவில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்திருக்கும், கவனம் நிற்காது. அதனை நாம் சோம்பல் என்கின்றோம்.

தாய்மார்களே! பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டா, கழுதைப் பாலும் வேண்டா. ஆறு மாதம் நிறைந்தவுடன் குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை எனத் தொடங்குக. நம் பாட்டிமார் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஏழைமையின் அடையாளம் என்று நாணுகின்றோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதனை விட்டுவிட்டுக் காலையில் தேநீரில் வரிக்கியை நனைத்துக் கொடுக்கின்றோம். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். குழந்தைக்கு அது வேண்டவே வேண்டா.

வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரையும் பாலையும் நிறுத்துவது பெருந்தவறு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி புகட்டுக. காது ஒழுகினால் எண்ணெய் விடாமல் மருத்துவரிடம் காட்டுக. குழந்தையோடு பேசுக, கதை சொல்லுக. களையெடுத்துக் களைத்து வரும் தாய்க்கு இஃது எளிதன்று என்பதை அறிவோம். ஆதலால் தந்தையரும் இதில் பங்கேற்க வேண்டும்.

வீடு மட்டும் போதாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டின் சத்துணவு, பால்வாடிப் பிள்ளைகளையும் எட்டியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் உணவு பெற உரிமை உண்டு. அஃது யாரும் இடும் பிச்சை அன்று.

ஆயினும் மையம் எங்கே இருக்கிறது? நாம் பணியாற்றிய ஓர் ஊரில் அது ஊர்த்தெருவின் நடுவே இருந்தது. நம் காலனிப் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். போனாலும் ஓரமாகத் தனியே அமர்த்தப்பட்டார்கள். தாய்மார் அனுப்புவதை நிறுத்தினர். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நின்றாள். இவ்வாறு ஒரு மையம் இல்லாமையால் இரண்டு பிள்ளைகளின் கல்வி கெட்டது. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடி அமைப்பதில் முன்னுரிமை தர உத்தரவிட்டது. ஆறு வயதிற்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பினர் கேட்டால், மூன்று மாதத்திற்குள் அமைக்க வேண்டும் என்றும் அதில் கண்டது. கேட்பதற்கு நாம் அல்லவா வேண்டும்?

1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்ட மன்றத்தில் மகப்பேற்று நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். தாயையும் சேயையும் காப்பது நாட்டின் கடமை என்று கண்ட தலைவரின் வழி வந்தவர்கள் நாம்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று பணிகளை வைக்கின்றோம். முதலாவது, நம் தெருக்களில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுங்கள். அக்கணக்கோடு மனு எழுதுங்கள். இரண்டாவது, மாதந்தோறும் எடை போடும் நாளில் ஒரு குழந்தையும் விடுபடாது அழைத்துச் செல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஊட்டம் போதவில்லை என்று பொருள், 11.5க்கும் குறைந்தால் அன்றே மருத்துவமனை. இதற்கு வேண்டியது ஓர் அளவு நாடா மட்டுமே. மூன்றாவது, அங்கன்வாடியில் நம் குழந்தை எங்கே அமர்கிறது, எந்தத் தட்டில் உண்கிறது என்பதை நேரில் சென்று பாருங்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர். நம் பிள்ளைகள் வளைய வேண்டா, நிமிர வேண்டும். அதற்கும் ஐந்தே வயது. பொன்விழா காணும் நாளில் இம்மேடையேறப் போகிறவர்கள், இன்று தாய் மடியில் உறங்கும் இக்குழந்தைகளே. அவர்களுள் ஒருவரையும் கடைசி வரிசைக்கு அனுப்ப மாட்டோம் என்று உறுதி கொள்வோம்.