மார்ச் மாதத்து எண்ணிக்கை



தொலைக்காட்சித் துறையில் இருப்பவள் என்பதால், முதலில் எங்கள் துறையைப் பற்றியே ஒரு குறை சொல்லிவிடுகிறேன். பஃபின் என்ற கடற்பறவையை நீங்கள் வனவிலங்கு நிகழ்ச்சிகளில் பார்த்திருப்பீர்கள். கோமாளியைப் போன்ற முகம், வண்ண அலகு, அதில் வரிசையாகத் தொங்கும் சின்ன மீன்கள். அந்தக் காட்சிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் எடுக்கப்படுபவை. அப்போது வெயில் இருக்கும், குஞ்சுகளும் இருக்கும். மார்ச் மாதத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர்கள் குறைவு. நான் பேச வந்திருப்பது அந்த மார்ச் மாதத்தைப் பற்றித்தான்.

இடம், வேல்ஸின் தென்மேற்கு முனையை ஒட்டியுள்ள ஸ்கோமர் தீவு. பரப்பளவு 292 ஹெக்டர். நம் செந்தோசாவில் பாதிக்குச் சற்று அதிகம். கடைத்தெரு கிடையாது, மரங்களும் அநேகமாக இல்லை. 1959 முதல் அது தேசிய இயற்கைக் காப்பகம். வனவிலங்கு அறக்கட்டளை ஒன்று அதைப் பராமரிக்கிறது. குளிர்காலத்தில் தீவைவிட்டு வெளியேறும் காவலர்கள் மார்ச் தொடக்கத்தில் திரும்பி வருகிறார்கள். ஒரு சிலர்தான்.

வசந்தம் என்றதும் நமக்குத் தென்றலும் குயிலும் நினைவுக்கு வரும். அங்கே வசந்தத்தின் தொடக்கம் என்றால் காற்று, மழை, ஈரமான காலுறை. எதிரே பெருநிலம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் இடையில் உள்ள நீரோட்டம் பொல்லாதது. காற்று பலமாக அடித்தால் படகு வராது. கையிருப்பில் உள்ளதைத்தான் சமைத்துச் சாப்பிட வேண்டும். படகு வந்துவிட்டாலும், இறங்குதுறையிலிருந்து மேலே ஏற 87 படிகள் இருக்கின்றன. தேசிய சேவைக்குச் சென்று வந்த நம் பிள்ளைகளுக்கு மூட்டை தூக்குவது புதிதல்ல. அங்கே மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும். ஏன் தெரியுமா? உள்ளே எலி இருக்கிறதா என்று!

சிரிக்காதீர்கள். ஸ்கோமரில் எலி கிடையாது. நிலத்தடியில் வளை தோண்டி முட்டையிடும் பறவைகள் அங்கே இலட்சக்கணக்கில் வாழ்வதற்கு அது முக்கியக் காரணம். அருகிலுள்ள ராம்சி தீவில் எலிகள் இருந்தன. 1999-2000 குளிர்காலத்தில் அவற்றை ஒழித்த பிறகுதான் அங்கே ஷியர்வாட்டர் பறவைகள் பல மடங்கு பெருகின. கர்ப்பிணி எலி ஒன்று பையில் ஒளிந்து வந்துவிட்டால் போதும், பல்லாண்டு உழைப்பு பாழாகிவிடும்.

மார்ச் மாதத்தில் அந்த ஷியர்வாட்டர் பறவைகள் தென் அமெரிக்கக் கடலிலிருந்து திரும்புகின்றன. ஸ்கோமரில் மட்டும் சுமார் 350,000 இணைகள் உண்டு. ஆனால் பகலில் நிலத்தில் ஒன்றையும் காண முடியாது. தரையில் சரியாக நடக்கத் தெரியாத பறவை அது. வெளிச்சத்தில் வந்தால் பெரிய கடற்காகங்களுக்கு இரையாகிவிடும். எனவே இருட்டிய பிறகே வருகிறது. புதிதாக வந்த களப்பணியாளர் ஒருவர் முதல் இரவில் அந்தக் கூச்சலைக் கேட்டால் பேய் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அண்டைத் தீவான ஸ்கோக்ஹோமிலிருந்து ஒரு ஷியர்வாட்டரை 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு விமானத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, பன்னிரண்டரை நாளில் அது தன் வளைக்கே திரும்பிவிட்டது!

பகல் வேலை இவ்வளவு சுவையானதல்ல. பாதைகளைச் சரிசெய்வது முதல் வேலை. தீவின் நிலம் வளைகளால் தேன்கூடு போல் ஆகிவிட்டது. பாதையை விட்டு ஓரடி விலகினால் மண் சரிந்து, உள்ளே இருக்கும் பறவை நசுங்கிவிடும். ஏப்ரலில் பார்வையாளர்கள் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

அடுத்தது பஃபின்களை எண்ணுவது. மார்ச் இறுதியில் அவை கடலில் கூட்டங்கூட்டமாக மிதக்கும். ஒரு மாலை வரும். பிறகு சில நாட்கள் ஒன்றுகூட இருக்காது. காற்று அடங்கிய ஒரு மாலைக்காகக் காத்திருந்து, ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, நிலத்திலும் நீரிலும் வானிலும் உள்ளவற்றை ஒரே நேரத்தில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாதி பறந்துவிடும். இன்னொரு மாலை மீண்டும் எண்ண வேண்டும். 2023இல் கிடைத்த எண் 42,513. 2025இல் 43,626. இதே பஃபின் இனத்தை உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பறவையாக 2015இல் அறிவித்தார்கள். ஐஸ்லாந்திலும் நார்வேயிலும் அது குறைந்துவரும் வேளையில் ஸ்கோமரில் பெருகுகிறது என்று அடித்துச் சொல்ல முடிவதற்கு இந்த மாலைகளே காரணம்.

சரி, ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டே இருப்பதற்கு யார் பணம் தருவார்கள்? என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான். ஸ்கோமரின் பாறை விளிம்புகளில் கில்லெமாட் என்ற பறவையும் இருக்கிறது. பின்னாளில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டிம் பர்க்ஹெட் 1972இல் அதை ஆராயத் தொடங்கினார். அந்த நேரத்தில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 2,000 இணைகள். முன்பு பன்மடங்கு இருந்தவை. கப்பல்களின் எண்ணெய்க் கசிவு அவற்றைக் கொன்றிருந்தது. ஆண்டுதோறும் குஞ்சுகளுக்கு வளையமிட்டு, எத்தனை உயிரோடு திரும்புகின்றன என்று குறித்துவந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேல்ஸின் அரசு சார்ந்த இயற்கை வள அமைப்பு அதற்கான பணத்தை நிறுத்தியது. ஏறக்குறைய அதே காலத்தில், 2014 தொடக்கத்தில், புயல்கள் அடுத்தடுத்து வீசின. பிரான்ஸ், பிரிட்டன் கரைகளில் பல்லாயிரம் கடற்பறவைகள் செத்து ஒதுங்கின. கில்லெமாட் முதல் முட்டை இடுவதற்கே ஏழு வயதாகிவிடும். புயலில் இளம் பறவைகள் செத்திருந்தால் அதன் விளைவு பாறையில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். எண்ணுவதை நிறுத்தக்கூடாத வேளையில் பணம் நின்றது! பர்க்ஹெட் பொதுமக்களிடம் கையேந்தினார். அவர்கள் கொடுத்த பணத்தில் ஆய்வு தொடர்ந்தது.

பக்கத்திலுள்ள கிராஸ்ஹோம் தீவில் 2022இல் பறவைக் காய்ச்சல் பரவியது. கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவையின் கூடுகள் அங்கே ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே போயின. ‘பாதி’ என்று சொல்ல முடிந்தது எதனால்? முன்பே ஒருவர் எண்ணி வைத்திருந்ததால்தான்.