குறைந்த மின்னழுத்தமும் மின்கருவிகளும்

மின்கருவியொன்றுக்கு அதற்குரிய அளவிலும் மிகுதியான அழுத்தத்தைக் கொடுத்தால் அது எரிந்துபோகும் என்பதை யாவரும் அறிவர். அழுத்தம் குறைந்தால் என்ன நேரும் என்று கேட்டாலோ, கருவி சற்று மெதுவாக இயங்கும், வேறு தீங்கில்லை என்றே பலரும் விடை கூறுவர். இவ்விடையிற் பாதி உண்மை, பாதி பிழை. அந்தப் பிழையான பாதியே மோட்டர்கள் பலவற்றின் சுருள்களைக் கருக்கிவிடுகிறது.

இதனை விளக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மின்வழங்கல் முறை தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே தனிவீடுகளுக்கு இரண்டு உயிர்க்கம்பிகளும் ஒரு நொதுமற்கம்பியும் வருகின்றன. உயிர்க்கம்பி ஒன்றுக்கும் நொதுமற்கம்பிக்கும் இடையே 120 உவோற்று. உயிர்க்கம்பிகள் இரண்டுக்குமிடையே 240 உவோற்று. விளக்குகள் முதலியன 120 உவோற்றிலும், மின்னடுப்பு, நீர்சூடாக்கி போன்ற பெருங்கருவிகள் 240 உவோற்றிலும் இயங்குகின்றன.

அடுக்குமாடிகளும் வணிகக் கட்டடங்களும் பலவற்றில் மூன்று உயிர்க்கம்பிகளைப் பெறுகின்றன. அங்கும் ஒவ்வோர் உயிர்க்கம்பிக்கும் நொதுமற்கம்பிக்கும் இடையே 120 உவோற்றே உண்டு. ஆயினும், அம்மூன்று கம்பிகளின் மின்னலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்கின்றன. ஆதலால், இரு உயிர்க்கம்பிகளுக்கிடையே கிடைப்பது 120இன் இருமடங்கன்று. மூன்றின் வர்க்கமூலமாகிய 1.732 மடங்கேயாகும். அது ஏறத்தாழ 208 உவோற்று. இலங்கையில் 230 உவோற்று வழங்கும் மூன்று கம்பிகளுள் இரண்டிற்கிடையே 400 உவோற்று இருப்பதும் இக்கணக்கினாலேயே.

இனி, 240 உவோற்றுக்கு அமைந்த கருவியை இத்தகைய கட்டடத்துக்குக் கொண்டுவந்தால் நேர்வது யாது? 4,500 உவாற்று நீர்சூடாக்கியின் வெப்பச்சுருள் 12.8 ஓம் தடையுடையது. 208 உவோற்றில் அதனூடு செல்லும் மின்னோட்டம் 18.75 அம்பியரிலிருந்து 16.25 அம்பியராகக் குறையும். வலு 3,380 உவாற்றாகும். அழுத்தம் எட்டில் ஒரு பங்களவு குறைய, வெப்பமோ நாலில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு மணி நேரத்திற் கொதிநிலையை அணுகிய நீருக்கு இப்போது ஒரு மணியும் இருபது நிமிடமும் வேண்டும். பாண் சுடுபவர் தமது மின்போறணையை இத்தகைய கட்டடத்துக்கு மாற்றினால், கதவைத் திறந்து மூடுந்தோறும் தணியும் சூடு மீள நெடுநேரம் செல்லும். அவருடைய நட்டம் நேரமும் தொழிலுமேயன்றி, போறணைக்குக் கேடில்லை.

மோட்டரின் நிலை வேறு. அதன் திருப்புவிசையும் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைகிறது; இழுக்கவேண்டிய சுமையோ குறைவதில்லை. ஆகவே மோட்டர் தன் வேகத்திற் சற்றே தளர்ந்து, மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துச் சுமையைத் தாங்குகிறது. மின்னோட்டம் மிகச் சுருள் சூடேறுகிறது. காப்பு நாளடைவில் நலிகிறது. தகட்டிற் குறித்த அழுத்தத்திலிருந்து நூற்றுக்குப் பத்து வரை கூடுவதையோ குறைவதையோ மோட்டர் தாங்கவேண்டும் என்பது அந்நாட்டு நியமம். 230 உவோற்று மோட்டருக்கு அதன் கீழெல்லை 207. அப்படியானால் 208 உவோற்றுக் கட்டடத்தில் எஞ்சும் இடைவெளி ஒரேயோர் உவோற்றுத்தான். நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பே அதனை விழுங்கிவிடும். இக்காரணத்தாலேயே 208 உவோற்று வழங்கலுக்கென 200 உவோற்று எனக் குறித்த மோட்டர்கள் செய்யப்படுகின்றன.

பரிகாரம் மூவகைப்படும். முதலாவது, கருவியினுள்ளேயே உள்ள மாற்றுமுனைகளைப் பயன்படுத்துதல். அமெரிக்கக் குளிரூட்டிகள் பலவற்றில் 24 உவோற்றைத் தரும் சிறு நிலைமாற்றி ஒன்றுண்டு. அதில் 208, 240 என இரு முனைகள் இருக்கும். கம்பி 240இலேயே விடப்பட்டால் 24க்குப் பதிலாக 20.8 உவோற்றே கிடைக்கும். அப்போது மின்காந்த ஆளி இறுகப் பிடிக்காது அதிர்ந்து, தொடுமுனைகள் கருகக்கூடும். ஒரு கம்பியை இடம் மாற்றினால் தீர்ந்துவிடும் குறை இது. இரண்டாவது, 208 உவோற்றுக்குரிய வெப்பச்சுருளையோ, 200 உவோற்று மோட்டரையோ பூட்டுதல்.

மூன்றாவது, அழுத்தத்தை உயர்த்தும் சிறு நிலைமாற்றியைச் சேர்த்தல். 240க்கு 32 என்னும் விகிதமுடைய நிலைமாற்றியின் சுருள்களைத் தொடராக இணைத்தால் 208 உவோற்று ஏறத்தாழ 236 ஆகும். கூட்டப்படும் பகுதியை மட்டுமே அது சுமப்பதால், 4,700 உவோற்று-அம்பியர் சுமைக்கு 640 உவோற்று-அம்பியர் நிலைமாற்றியே போதும். ஆனால் உயர்த்திய அழுத்தம் இலவசமாக வருவதன்று. கருவி 20 அம்பியர் எடுக்கும்போது கட்டடத்தின் கம்பி 22.7 அம்பியர் கொடுக்கவேண்டும். அக்கம்பியும் சுற்றுடைப்பானும் இதற்கு ஏற்றனவா என்று முதலிற் கணக்கிடாதவர் கருவியைக் காத்துக் கட்டடத்தைத் தீக்கு இரையாக்கவும் கூடும். ஆதலால் இவ்வேலை தேர்ந்த மின்வினைஞருக்கே உரியது.

கருவியின் தகட்டை வாசித்தல், கட்டடத்தின் அழுத்தத்தைச் சுமையுள்ள வேளையில் அளத்தல், இரண்டையும் ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் சில நிமிட வேலைகளே. கருவியை வாங்கிய பின்பன்றி வாங்குமுன்னரே இவற்றைச் செய்பவருக்கு மேற்கூறிய பரிகாரங்கள் பெரும்பாலும் தேவைப்படா.