பாட்டியின் மறதியும் நம் பொறுப்பும்
(நமது சங்கத்தின் குடும்ப சங்கமத்தில் நிகழ்த்திய உரை)



நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வைப்பினில் எங்களுடன் இருந்த என் பாட்டிக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்தது. முதல் இரண்டு வருஷம் நாங்கள் அதை வியாதி என்றே நினைக்கவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டோம்.

சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கேட்டதையே கேட்டாள். பிறகு வந்தவர்களிடமெல்லாம், "காலம்பறலேந்து எனக்கு ஒண்ணும் தரலை" என்று சொல்ல ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் முன்புதான் அம்மா அவளுக்கு இட்லி ஊட்டியிருப்பாள். ஆனால் வந்த உறவினர் சிலர் பாட்டி சொன்னதைத்தான் நம்பினார்கள். அம்மா சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

வயதானால் ஒரு பெயர் மறப்பது சகஜம். ஆனால் சாப்பிட்டதே மறந்தால், பழகிய வழி தவறினால், பணக் கணக்கு குழம்பினால், டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு போன்றவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-ல் ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் இதை முதலில் விவரித்தார். இதை முற்றிலும் குணப்படுத்த இன்றும் மருந்து இல்லை. 2023-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோஸ்ரீ பாலங்கள் 2004-ல் திறக்கப்பட்டன. அதற்கு முன் எறணாகுளம் போகப் படகுதான். பாட்டியின் மனதில் பாலமே கிடையாது. சாயங்காலம் ஆனால், "போட் போயிடும்டா, ஆத்துக்குப் போகணும், அம்மா தேடுவா" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவாள். "உன் அம்மா போய் ஐம்பது வருஷமாச்சு பாட்டி" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அப்போதுதான் முதல் தடவை கேட்பது போல் அழுதாள். அந்தத் தப்பை நான் மறக்கவில்லை.

இன்னொரு நாள் கதவு திறந்திருந்தது. ஒரு மணி நேரம் தேடினோம். படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். மீன் விற்கும் ஒரு சேச்சி அவளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அன்றைக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். பாட்டியின் இடுப்புப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்தோம்.

அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன். வாதம் செய்யாதீர்கள். "போட் வரட்டும், அதுவரை காபி சாப்பிடலாம்" என்றால் போதும். மனம் வேறு பக்கம் திரும்பிவிடும். குளியல், சாப்பாடு, விளக்கேற்றுவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். சாயங்காலம் விளக்கை முன்னதாகவே போடுங்கள். என் பெயரை மறந்த பாட்டி, விஷ்ணு சஹஸ்ரநாமத்தை நாங்கள் ஆரம்பித்தால் கூடவே சொல்வாள். நோய் ஆரம்பத்திலேயே பேங்க், சொத்து விஷயங்களை அவர்கள் விருப்பத்தைக் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள்.

உதவியும் உண்டு. அல்சைமர் நோய்க்கான தேசிய அமைப்பான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 1992-ல் நம் கொச்சியில்தான் தொடங்கியது. கேரள அரசு அதனுடன் சேர்ந்து 'ஸ்மிருதிபதம்' என்ற திட்டத்தின் கீழ் நம் வைப்பின் எடவனக்காட்டிலேயே ஒரு பராமரிப்பு இல்லம் தொடங்கியது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாட்டிக்கு டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. அம்மாவுக்கு யாரும் இல்லை. நாலு வருஷம் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "மாமி எப்படி இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் நீங்கள் போய் உட்காருங்கள். பார்த்துக்கொள்பவர் கோவிலுக்கோ கடைக்கோ போய்வரட்டும். நமது மகளிர் பிரிவும் இளைஞர் பிரிவும் முறை வைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.