காய்ச்சலும் கணக்கும் வாக்கும்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருக்கோணமலை. ஆழமிக்க அக்கடலிற் கப்பற்படையை நிறுத்த ஐரோப்பிய அரசுகள் பல போட்டியிட்டன. ஆயினும், துறைமுகத்துக்குப் பின்னே விரிந்த வரண்ட நிலத்தில், கந்தளாய்க் குளத்தை அண்டியும் கொட்டியாரக் குடாவை அடுத்தும் வாழ்ந்த மக்களுக்கு ஆண்டுதோறும் தவறாது வந்த விருந்தாளி மலேரியாக் காய்ச்சலே.

ஒரு நோயை அரசு எப்போது பொருட்படுத்துகிறது? மருத்துவர் சொல் மட்டும் இதற்குப் போதுவதில்லை. நோயுற்றோர் எண்ணப்பட்டனரா, அவர்தம் குரல் ஆட்சிபீடத்தை எட்டிற்றா என்ற இரண்டுமே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் மலேரியா வரலாறே இதற்குச் சான்று.

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்பு பெருகிற்று. 1935ஆம் ஆண்டிலும் தொடர்ந்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். திருக்கோணமலை போன்ற வரண்ட பகுதிகளில் அத்துணை அழிவு நேரவில்லை. இளமை முதலே காய்ச்சலிற் கிடந்து எழுந்தோர்க்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வாய்த்திருந்ததே காரணம். அச்சக்திக்குக் கொடுத்த விலை குழந்தைகளின் உயிர், அது செய்தியாகவில்லை.

சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆகவே கொள்ளைநோய் அரசியற் பிரச்சினையாயிற்று. கிராமங்களில் நிவாரணப் பணியாற்றிய என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் 1936ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். பின்வந்த ஆண்டுகளில் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பெருகின. திடீரென வந்த துன்பம் பேசிற்று. அன்றாடத் துன்பம் ஊமையாயிருந்தது.

அந்த ஊமையைப் பேசவைத்தது கணக்கு. பள்ளிச் சிறுவரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோர் நூற்றுக்கு எத்தனை பேர் என மருத்துவர் மாவட்டந்தோறும் குறித்தனர். வரண்ட பகுதிகளின் நிலை அதனால் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் ஆயிரத்துக்குச் சுமார் 20ஆக இருந்த இறப்பு வீதம், மறு ஆண்டே சுமார் 14ஆக வீழ்ந்தது.

இப்புகழ் யாருக்குரியது? பொருளியலறிஞர் பீற்றர் நியூமன், மாவட்டங்களை ஒப்பிட்டு, மலேரியா ஒழிப்புக்கே பெரும்பங்கு உண்டென 1965ஆம் ஆண்டில் எழுதினார். இலங்கை அறிஞர் மீகம 1967ஆம் ஆண்டில் இதனை மறுத்து வாதிட்டார். கிறே என்பார் 1974ஆம் ஆண்டில் அப்பங்கு நான்கில் ஒன்றுக்கும் குறைவெனக் கணித்தார். இது ஏட்டுச் சண்டையன்று. மருந்துத் தெளிப்பே போதுமெனில் பணம் அதற்குச் செல்லும். மருத்துவமாதும் உணவும் கல்வியும் சேர்ந்தே உயிர் காத்தனவெனில் அவற்றுக்கும் பணம் ஒதுக்கவேண்டும்.

1963ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி நிறைந்ததென எண்ணித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, விழிப்பும் தளர்ந்தது. சேனைப் பயிர் செய்வோரும் இரத்தினக்கல் அகழ்வோரும் காட்டுக் குடிசைகளில் உறங்கினர். மக்கள் இரவில் எங்கே உறங்குகின்றனர் என்பதும் மருத்துவ வினாவே என்பதை 1969ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டில் நோயுற்றோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டது. அந்நாட்களிலும் நுளம்பொழிப்புப் பணி முற்றாக நின்றுவிடவில்லை. உள்நாட்டிலே தொற்றிய இறுதி நோயாளர் 2012ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டார். 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது.

நோயாளர் இல்லாத நோய்க்காக வாக்குக் கேட்போர் இல்லை. நிதி குறைவதும் எளிது. ஆயினும் கிணற்றிலும் தொட்டியிலும் பெருகவல்ல புதிய மலேரியா நுளம்பொன்று மன்னாரில் உள்ளமை 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து வருவோரோடு காய்ச்சலும் வரலாம். திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு இரவும் பகலும் கலங்கரை விளக்கம் வேண்டுமாப்போல், காய்ச்சல் இல்லாத காலத்திலும் கணக்கு வேண்டும். அக்கணக்கைக் கேட்கும் மக்கள் குரலும் வேண்டும்.