சாவியும் கரும்பும்



திருவொற்றியூர்க் கடற்கரையருகே பட்டினத்தடிகளின் சமாதி அமைந்துள்ளது. அடிகளின் உருவத்தை எங்குக் காணினும் கையில் கரும்பு இருக்கும். பெயர் பொறித்திராவிடினும், அக்கரும்பைக் கண்டதும் இவர் இன்னார் என்று எழுத்தறியா மூதாட்டியும் கூறிவிடுவார். இவ்வாறு அடையாளத்தால் பொருள் உணர்த்தும் கலை நமக்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஸ்பெயின் நாட்டு ஓவியரும் இதில் வல்லவராய் விளங்கினர்.

அந்நாட்டுத் தேவாலயங்களில், பலிபீடத்தின் பின்னே உயர்ந்து நிற்கும் ஓவியப் பலகைத் தொகுதியை ‘ரெத்தாப்லோ’ என்பர். மரப்பலகையின்மீது வெண்சுதை பூசி, பொன்தாள் ஒட்டி, முட்டையின் மஞ்சட்கருவிற் குழைத்த வண்ணங்களால் தீட்டுவர். நடுவே ஆலயத்துக்குரிய புனிதர். சுற்றிலும் கட்டம் கட்டமாக அவர்தம் வரலாறு. படிப்பறிவு அரிதாயிருந்த அக்காலத்தில் மக்கள் அதனைக் கண்ணாற் கற்றனர். சக்கரத்துடன் நிற்பவர் புனித கத்தரீனாள். இரும்பு அழிச்சட்டம் ஏந்தியவர் புனித லவுரேஞ்சியார். அவர்களை வதைக்கக் கொணர்ந்த கருவிகளே அவர்தம் விருதுகளாயின! சாவி ஏந்தியவர் பேதுரு. அது விண்ணுலகின் திறவுகோல்.

அப்பேதுருவையே தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றனர். இராயபுரத்தில் 1829-ஆம் ஆண்டில் அவர் பெயரால் தேவாலயம் எழுப்பியவர்கள் படகோட்டிகள். ஊரின் பெயரும் அவரால் வந்ததே என்பர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாளில், கப்பல்கள் கரைக்கு வாராமல் கடலிலேயே நிற்கும். பொங்கும் அலைகளினூடே மசூலாப் படகு செலுத்திச் சரக்கையும் மக்களையும் கரைசேர்த்தவர்கள் படகோட்டிகளே. மீனவராயிருந்த புனிதரை அவர்கள் தம் காவலராகக் கொண்டதில் வியப்பென்ன?

பார்சலோனாவுக்கு அருகிலுள்ள தெரஸ்ஸா நகரில், பேதுருவின் ஆலயத்துக்கென லூயிஸ் பொராசா என்னும் ஓவியர் 1411-ஆம் ஆண்டையொட்டி ஒரு ரெத்தாப்லோ தீட்டினார். அதன் ஒரு பலகையைக் கேளுங்கள். நீர்மேல் நடக்கத் துணிந்த பேதுரு அச்சமுற்று மூழ்கத் தொடங்குகிறார். இயேசு அவரைக் கைகொடுத்துக் காக்கிறார். சாவி ஏந்திய பெருமையை மட்டுமன்றி, நடுங்கிய வேளையையும் பீடத்தில் வைத்துப் போற்றினர் அம்மக்கள். அலையோடு போராடி வாழ்ந்த இராயபுரத்துப் படகோட்டிக்கு இப்படத்தின் பொருளை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

மாணவர்களே! பிறர் வணங்கும் உருவத்தை வெறும் பொம்மை என்று ஒதுக்குவது, நாம் கல்லாத மொழியின் எழுத்தைக் கிறுக்கல் என்று இகழ்வதை ஒக்கும். எந்த ஆலயத்துக்குச் சென்றாலும், உருவத்தின் கையில் இருப்பது யாது என நோக்குங்கள். அதன் காரணத்தை அங்குள்ள பெரியோரிடம் பணிவுடன் கேளுங்கள். அதுவும் ஒரு கல்வியே.