‘டேக்’: ஆங்கிலர் கடன்கொண்ட வினை



ஆங்கிலம் கற்கப் புகும் சிறுவன் முதல் திங்களிலேயே அறிந்துகொள்ளும் வினைகளுள் ஒன்று ‘டேக்’. எடு, கொள், பெறு, பிடி, கொண்டுசெல் எனப் பல பொருள்களை அஃது ஒன்றே தருகின்றது. அதனோடு ஒரு சிறுசொல் சேர்ந்துவிட்டாலோ பொருள் எங்கெங்கோ ஓடும். ‘டேக் ஆஃப்’ என்பது சட்டையைக் கழற்றுதலும் ஆகும். வானூர்தி மேலெழுதலும் ஆகும். ‘டேக் இன்’ என்பது ஒருவனுக்கு அடைக்கலம் தருதல். அவனை ஏமாற்றுதலும் அதுவே! இத்துணைப் பெருவழக்கான இவ்வினை ஆங்கிலர்தம் பழஞ்சொல் அன்று. கடன் வாங்கிய சொல்லாகும்.

அவர்களுக்கெனச் சொல் இல்லாமலா போயிற்று? இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘எடு, கொள்’ என்னும் பொருளுக்கு ‘நிமன்’ என்னும் வினை வழங்கியது. அதன் உடன்பிறப்பாகிய ‘நேமென்’ செருமானியர் வாயில் இன்றும் உயிரோடுள்ளது. கி.பி. 1000ஐ ஒட்டி இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய எல்ஃப்ரிக் என்னும் துறவி, பெயர்த்தன்மையிலும் வினைத்தன்மையிலும் பங்குகொள்ளும் சொல்வகைக்கு ‘டேல் நிமெண்ட்’ எனத் தம் மொழியிலேயே குறியீடு கண்டார். ‘பங்கு கொள்வது’ என்பது அதன் பொருள். எத்துணைத் தெளிவான ஆக்கம்! இன்றைய ஆங்கில மாணாக்கன் அதனை அறியான்; அவன் ‘பார்ட்டிசிப்பில்’ என்னும் இலத்தீன்வழிச் சொல்லையே உருப்போடுகின்றான்.

‘நிமன்’ வீழ்ந்த வரலாறு கடல்வழியே தொடங்குகின்றது. கி.பி. 793இல் வடகடலோடிகள் லிண்டிசுபார்ன் தீவின் துறவிமடத்தைக் கொள்ளையிட்டனர். அதன்பின் படைபடையாக வந்த டேனியர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலைத்துக் குடியேறினர். 878இல் ஆல்ஃபிரடு மன்னன் அவர்கள் தலைவன் குத்ரமை எடிங்டனில் வென்றான். எனினும் குடியேறியவர் வெளியேறவில்லை. 1016 முதல் 1035 வரை கனூட் என்னும் டேனிய வேந்தனே ஆங்கில அரியணையில் வீற்றிருந்தான். விட்பி, டெர்பி, கிரிம்சுபி என ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அக்குடியேற்றத்தின் சுவடுகளே. அவர்தம் மொழியில் ‘பி’ என்றால் ஊர்.

அவர்கள் பேசிய பழநோர்சு மொழியும் ஆங்கிலமும் ஒரு குடும்பத்து உறவுமொழிகள். எனவே ஏர்முனையிலும் அங்காடியிலும் ஒருவர் பேச்சை மற்றவர் பெரிதும் உணர்ந்துகொள்ள முடிந்தது. அவ்வுறவாட்டத்தில் நோர்சு வினையாகிய ‘தக’ என்பது ஆங்கிலத்துள் புகுந்து, பின்னர் ‘டேக்’ ஆயிற்று. ‘டுக்’ என்னும் அதன் இறந்தகால வடிவமும் உடன்வந்ததே. படர்க்கைப் பன்மையைக் குறிக்கும் ‘தே’ என்னும் சொல்லும் அவ்வழி வந்ததுதான். கொள்ளையிட வந்தவர்கள் ‘எடு’ என்னும் சொல்லையே கொடுத்துச் சென்றது பொருத்தந்தான்!

சில நூற்றாண்டுகள் இரண்டு வினைகளும் அருகருகே வழங்கின. பின்னர் வீட்டுக்குரியது ஒதுங்கிற்று; விருந்தாய் வந்தது நடுக்கூடத்தில் அமர்ந்தது. ‘நிம்’ எனக் குறுகிய பழவினை கள்வர் பேச்சில் ‘திருடு’ என்னும் இழிபொருளில் சிலகாலம் உயிர்வாழ்ந்தது. சேக்சுபியரின் ‘ஐந்தாம் என்றி’ நாடகத்தில் திருட்டுக் கைகொண்ட படைஞன் ஒருவனுக்கு ‘நிம்’ என்றே பெயர். இன்று அவ்வேரினின்று எஞ்சியுள்ள எளிய சொற்கள் மிகச் சிலவே. ஒன்று ‘நிம்பிள்’, விரைந்து பற்றவல்லது என்னும் கருத்தினின்று சுறுசுறுப்பைக் குறிக்கலாயிற்று. மற்றொன்று ‘நம்’, ‘பற்றப்பட்டது’ என்னும் பொருளினின்று, குளிராலோ நோயாலோ மரத்துப்போன உறுப்பைக் குறிக்கின்றது. அதன் ஈற்றில் எழுதப்பெறும் ‘பி’ எழுத்து பின்னாளில் ஒட்டவைத்தது, ஒலிப்பதில்லை. எடுக்கும் கைக்குரிய வினை, மரத்த கைக்குரிய சொல்லாய் எஞ்சிற்று.

புதுப்பொருள் வரும்போது புதுப்பெயர் வருதல் எம்மொழிக்கும் உண்டு. ஈண்டு நிகழ்ந்தது அஃதன்று. கை தோன்றிய நாள்தொட்டு மாந்தன் செய்துவரும் செயலுக்குரிய சொல்லே பறிபோயிற்று. உறவுமொழிச் சொல்லாதலின் உறுத்தவில்லை. உறுத்தாமையால் ஒருவரும் தடுக்கவில்லை.

இவ்வினையின் செலவு இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. ‘பஸ்’, ‘ரயில்’ என்பன தமிழில் அயற்சொல்லாகவே கண்ணிற்படுகின்றன. ‘டேக்’ மட்டும் ‘எடு’ என்னும் தமிழுடை போர்த்து, மொழிபெயர்ப்பு வழியே செய்தித்தாளிலும் அலுவலக மடலிலும் புகுந்துள்ளது. நேரம் பிடிக்கும் அல்லது ஆகும் என்பது தமிழ். ‘நேரம் எடுக்கும்’ என்பது ஆங்கிலம். பாடம் நடத்தினார் என்பது தமிழ். ‘வகுப்பு எடுத்தார்’ என்பது ஆங்கிலம். ஓய்வு கொண்டார், முடிவு செய்தார், தேர்வு எழுதினார் என ஒவ்வொரு செயலுக்கும் உரிய வினையைத் தமிழ் தனித்தனியே வைத்திருக்கின்றது. அவ்விடமெல்லாம் ‘எடு’ ஒன்றே நிற்கின்றபோது பொருளும் மயங்கும். ‘நோயாளி மருந்து எடுத்தார்’ என்றெழுதினால், அவர் அதைப் பேழையிலிருந்து எடுத்தாரா, உட்கொண்டாரா என்று மருத்துவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.